வைக்கோல் சிலந்தியோடு மெல்போர்னுக்கு

சிட்னியில் விடிந்த முதல் காலை, தூக்கக் கலக்கத்தில் கூடத்தைக் கடக்கும்போது ஒரு சிலந்தி என் நெற்றியில் இடித்தது. அலறிவிட்டேன்.

"பயப்பிடாதையடி, அது கடிக்காது," என்று சமையலறைக்குள்ளிருந்து பத்மினியின் குரல் வந்தது.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கூரையிலிருந்து ஒரு நூலில் அது தொங்கிக்கொண்டிருந்தது. மேலே முறம் அகலத்துக்கு ஒரு வளையம். வளையத்தைச் சுற்றிக் கொடி கொடியாக வைக்கோல் துண்டுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம். இரண்டு வைக்கோல் துண்டுகளுக்கு நடுவே ஒரு காகிதப் பூ. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொரு கொடிக்கும் நிறங்கள் வரிசையாக வந்தன. கொடிகள் எல்லாம் வளைந்து இறங்கிக் கீழே ஒரு சின்ன வளையத்தில் கூடின. நான் இடித்ததில் முழுவதும் மெல்லச் சுழன்றது. நின்றுவிடும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. நான் மூச்சு விட்டதற்கே இன்னொரு சுற்று சுற்றியது.

போலந்துக்காரர்கள் இதை பாயோங்க் என்று சொல்கிறார்கள். சிலந்தி என்றுதான் பொருளாம். குளிர் போகிற சமயத்தில் வீட்டைக் கழுவித் துடைத்து, போன வருடத்துச் சிலந்தியை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டித் தொங்கவிடுவார்கள். அங்கே அது மார்ச், ஏப்ரலில். பத்மினியின் கணவர் ஸ்டாஷெக் ஆஸ்திரேலியா வந்தபிறகு, இங்கே வசந்தம் பிறக்கிற செப்டம்பருக்கு மாற்றிக்கொண்டார். இலையுதிர் காலத்தில் யாராவது வசந்தத்தைத் தொங்கவிடுவார்களா என்று கேட்பாராம்.

ஸ்டாஷெக் இறந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது.

பத்மினியும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவள். பிறகு அவள் சிட்னிக்குப் போய் மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நான் ஊரிலேயே ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றேன். இடையில் நாங்கள் நேரில் பார்த்தது இரண்டே தடவை. ஜூலையில் ஒரு நாள் போன் செய்தாள்.

"ராஜி, ஒரு சாமான் மெல்பேர்னுக்குக் கொண்டுபோகோணும். தனியக் கொண்டுபோக எனக்கு ஏலாது. ஒருக்கா வாறியே?"

சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு ஒரு சாமானைச் சுமக்க, திருநெல்வேலியிலிருந்து ஆள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

செவன் ஹில்ஸில் அவள் வீடு இருக்கும் தெருவில் காலை ஏழு மணிக்கு மேல் மனிதர்களே இல்லை. கார்கள் போய்விடும், பிறகு பறவைகள் மட்டும். அதுவும் என்ன பறவைகள்! எங்கள் ஊர்க் கோயில் யானை போல நிதானமாக நடந்து வந்து, வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது ஒன்று. வேலிக்கு வேலி ஏதோ ஒரு வெள்ளைப் பூ. வெயிலில் கண் கூசியது, ஆனால் தோளில் போட்ட சால்வையை எடுக்க முடியவில்லை. வசந்தம் என்ற சொல்லைப் புத்தகங்களில் மட்டும் பார்த்தவள் நான். எங்கள் ஊரில் வெயில், கொஞ்சம் மழை, மறுபடி வெயில். குளிரிலிருந்து ஒரு ஊர் எழுந்து உட்காருவதை இங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்.

பத்மினி எனக்குப் பிட்டும் மீன் குழம்பும் வைத்தாள். தான் இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டாள். கூடத்துத் திரைச்சீலைகளை அவள் திறப்பதே இல்லை. வெயில் பட்டால் காகிதப் பூ வெளுத்துவிடுமாம். சிலந்தியின் மேல் தூசி படிந்திருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், உதிர்ந்துபோகும்," என்றாள்.

இரண்டாம் நாள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

ஸ்டாஷெக்கின் அக்கா ஹலீனா மெல்போர்னில் இருக்கிறாள். தம்பி ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டியது அவளுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. முப்பது வருடத்தில் இரண்டு முறை வந்திருக்கிறாள், இரண்டு முறையும் முன் அறையைத் தாண்டவில்லை. தம்பியின் இறுதிச் சடங்குக்கு வந்தவள், எல்லாரும் வீட்டில் கூடியிருந்தபோது இந்தச் சிலந்திக்குக் கீழே நின்று, "இது என் தம்பியின் கடைசிக் கைவேலை. எனக்குக் கொடு," என்று கேட்டிருக்கிறாள்.

"நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். தேத்தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டா. அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை."

"இப்ப ஏன் கொடுக்கணும்?"

"மே மாசம் ஒரு கார்ட் போட்டவ. முழங்காலில ஆப்பரேஷன் செய்ததாம், இனிப் பயணம் செய்ய ஏலாதாம். அதை ஒருக்காப் பாத்தாப் போதுமாம்." பத்மினி மேலே பார்த்தாள். "அதுதான். கொண்டுபோய்க் குடுத்திட்டு, அடுத்த ரெயினில வந்திடுவம்."

சொன்ன வேகத்தைப் பார்த்தால், பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறவள் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் பெட்டி தேடினோம். தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு விளக்குக் கடை. அதை நடத்துகிறவர் மலேசியத் தமிழர், நாற்பது வயதிருக்கும். சரவிளக்கு வந்த அட்டைப்பெட்டி, என் மார்பு உயரம், ஒன்று கொடுத்தார். "என்ன ஆன்ட்டி, சாண்டிலியரா?" என்று கேட்டார். பத்மினி போனில் படத்தைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு மரக்கம்பு எடுத்து வந்து பெட்டியின் குறுக்கே செருகினார். "இதில தொங்கவிட்டுக் கொண்டு போங்க. பக்கத்தில படவே கூடாது. படுக்கவும் வைக்காதீங்க." அவ்வளவு கவலையாகச் சொன்னார், ஏதோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பது போல.

நான்காம் நாள் காலை மெல்போர்ன் ரயில். என் பையில் புளியோதரையும் அவித்த முட்டையும். பெட்டிக்குச் சக்கர நாற்காலி வைக்கும் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தாள் டிக்கெட் பார்க்கிற பெண். உள்ளே என்ன என்று கேட்டாள். "சிலந்தி," என்றாள் பத்மினி. அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாள். இந்த நாட்டில் சிலந்தி என்றால் விளையாட்டில்லை. மூடியைத் திறந்து காட்டிய பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

நகரம் முடிந்து மேடும் பள்ளமுமான பச்சை வந்தது. ஆடுகள், தகரக் கூரைகள், மறுபடி ஆடுகள். மதியம் ஆனபோது ஜன்னல் முழுவதும் மஞ்சளாகிவிட்டது. கனோலா என்றார்கள், கடுகுக்குச் சொந்தக்காரச் செடி. வானம் தொடும்வரைக்கும் ஒரே மஞ்சள், நடுவே ஒற்றை மரம், மறுபடி மஞ்சள். ரயிலில் எல்லாருடைய முகத்திலும் அந்த வெளிச்சம் விழுந்தது. பத்மினி வாயைத் திறந்தபடி தூங்கினாள். நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. புளியோதரை சாப்பிட்டது நினைவிருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் சூடு பண்ணிய இறைச்சி பப்ஸ் போன்ற ஒன்றைக் கடித்துக்கொண்டு, என் டப்பாவையே பார்த்தது நினைவிருக்கிறது. ஒரு கரண்டி கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. இன்னொரு கரண்டி கேட்டார்.

அவர் பெயர் கெவின். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற வேலை. மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருந்தார்.

ஆல்பரி ஸ்டேஷனில் ரயில் நின்றது நின்றதுதான். முன்னால் எங்கோ காற்றில் ஒரு மரம் தண்டவாளத்தின் மேல் விழுந்துவிட்டதாம். எல்லாரும் இறங்கி பஸ்ஸில் போக வேண்டும். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் நின்றிருப்பார்கள். இங்கே வரிசையாக இறங்கி, வரிசையாக நின்று, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் டிரைவர் பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்ளே இடமில்லை, கீழே சாமான் அறையில் படுக்க வைக்க வேண்டும். பத்மினி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"படுக்க வைக்க ஏலாது," என்று தமிழிலேயே சொன்னாள் அவரிடம். பதற்றத்தில் ஆங்கிலம் போய்விட்டது.

கெவின்தான் வழி கண்டுபிடித்தார். பெட்டியை அங்கேயே விட்டுவிடச் சொன்னார். சிலந்தியை இரண்டு கையாலும் ஏந்தி பஸ்ஸுக்குள் கொண்டு வந்து, தன் பூட்ஸிலிருந்து ஒரு கயிற்றை உருவி, சாமான் தட்டுக் கம்பியில் முடிந்து தொங்கவிட்டார். பின் இருக்கைகளில் இருந்தவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த இரண்டு மணி நேரம் என் வாழ்வில் மறக்காது. மாலை வெயில் ஒரு பக்கத்து ஜன்னல்கள் வழியாக வந்தது. பஸ் வளையும்போதெல்லாம் சிலந்தி ஒரு பக்கம் சாய்ந்து, கொடிகளை விரித்து, மெல்லத் திரும்பியது. வைக்கோலில் வெயில் பட்டுப் பொன்னாக மினுங்கியது. அதன் நிழல் எல்லார் மேலும் ஊர்ந்து போனது. ஒரு கிழவரின் வழுக்கையில் பூ, ஒரு பெண்ணின் கன்னத்தில் பூ, டிரைவரின் சட்டை முதுகில் பூ. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூட அதை மடியில் வைத்துவிட்டு மேலே பார்த்தார்கள். முன் வரிசையில் ஒருத்தி தன் கணவரிடம் கேட்டாள்: "இது எங்கே போகிறதாம்?" அவர் சொன்னார்: "நாம் போகிற இடத்துக்குத்தான்." பதினாலு மாதத்துத் தூசியில் கொஞ்சம் அந்த வெளிச்சத்தில் பறந்தது. பத்மினி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் கங்காரு வந்தது.

நான் அதைப் பார்க்கவில்லை. பிரேக்கின் அலறல் கேட்டது, நெற்றி முன் இருக்கையில் மோதியது. கங்காரு தப்பிவிட்டதாகச் சொன்னார்கள். தட்டிலிருந்து ஒரு முதுகுப்பை மட்டும் விழுந்தது, சிலந்தியின் மேல்.

மூன்று கொடிகள் அறுந்துவிட்டன. பூக்கள் பஸ் முழுக்க உருண்டன. டிரைவர் ஓரமாக நிறுத்தி விளக்குகளைப் போட்டார். பையின் சொந்தக்காரி, ஒரு கல்லூரிப் பெண், அழவே ஆரம்பித்துவிட்டாள். கெவின் ஒரு பூட்ஸில் கயிறில்லாமல் மண்டியிட்டு இருக்கைகளுக்கு அடியில் கையை விட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும். பஸ்ஸில் பாதிப் பேர் தரையில் தவழ்ந்து வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டு வந்து என் மடியில் போட்டார்கள். ஒரு துண்டும் விடவில்லை.

பத்மினி குனியவில்லை. "திரும்பிப் போவம்," என்றாள்.

"பாதி வழிக்கு மேல வந்தாச்சுட்டி. எங்க திரும்ப?"

மெல்போர்ன் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

மறுநாள் காலை ஓட்டல் அறையில் கட்டில் மேல் சிலந்தியைப் பரப்பினேன். ஹலீனா வீட்டுக்குப் பதினோரு மணிக்குப் போக வேண்டும். வரவேற்பறையில் கேட்டு ஒரு ஊசியும் நூலும் வாங்கி வந்தேன். பத்மினி குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு கொடியையாவது சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தேன்.

அறுந்த கொடியைக் கையில் எடுத்ததும் என் விரல்களுக்கு ஏதோ தெரிந்தது. வைக்கோல் துண்டுகள் நூலில் கோத்திருந்தன. பூக்கள் கோத்திருக்கவில்லை, கட்டியிருந்தன. காம்பை நூலில் வைத்து, இரண்டு விரலில் ஒரு சுற்று சுற்றி, உள்ளே விட்டு இழுக்கிற முடிச்சு. கனகாம்பரம் கட்டுகிற முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன் நான்.

பத்மினி தலையைத் துவட்டியபடி வந்தாள்.

"ஏட்டி, ஸ்டாஷெக்குக்குப் பூக் கட்டத் தெரியுமா?"

அவள் துண்டைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியாது," என்றாள். "அது நான் செய்தது."

கடைசி வசந்தத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதல் நாள் கத்தரிக்கோலை எடுத்தவர், ஒரு பூ வெட்டுவதற்குள் நாலு தாளைக் கிழித்துவிட்டார். கத்தரிக்கோலை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். அவள் பதினெட்டு நாள் உட்கார்ந்து முழுவதையும் செய்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஸ்டாஷெக், இந்த வருடமும் செய்துவிட்டாயே!" என்றார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

"ஹலீனா தம்பியின்ர கைவேலை எண்டு கேக்கேக்க, நான் என்னெண்டு குடுக்கிறது? சொல்லு. குடுத்தாலும் பொய். குடுக்காட்டியும் பொய்."

எனக்கு ஒரு யோசனைதான் தோன்றியது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "சொல்லாத. வயசானவங்க. ஆறுதலா இருந்துட்டுப் போகட்டும். அந்த முடிச்சு அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றேன்.

பத்மினி ஊசியை எடுத்து நூல் கோத்தாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து அறுந்த கொடிகளைக் கட்டினோம். எட்டுப் பூ நசுங்கிப்போயிருந்தன. அந்த இடங்களில் வெறும் நூல் தெரிந்தது.

ஹலீனா இருக்கிற பகுதிக்கு சன்ஷைன் என்று பெயர். நாங்கள் போன அன்று அங்கே தூறிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் நாலு பருவமும் வரும் ஊர் மெல்போர்ன் என்று டாக்சிக்காரர் பெருமையாகச் சொன்னார். சிலந்தி என் மடியிலும் பத்மினி மடியிலுமாகக் கிடந்தது. சின்னப் பலகை வீடு, முன்னால் ஒரு எலுமிச்சை மரம். கதவைத் திறந்தவள் நல்ல உயரம், நடைச்சட்டம் பிடித்திருந்தாள், ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. பத்மினிக்குக் கை கொடுத்தாள். கட்டிக்கொள்ளவில்லை.

அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் தருகிறேன்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளை விரிப்பு போட்டு வைத்திருந்தாள் ஹலீனா. சிலந்தியை அதில் இறக்கினோம். வெறும் நூல் தெரிந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"இங்கே என்ன ஆயிற்று?"

"கங்காரு," என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் யாரென்று கூட அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை. பிறகு உட்கார்ந்து, கொடிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். ஒரு சிவப்புப் பூவை உதட்டில் வைத்துக்கொண்டாள். "அவன் விரல்கள்," என்றாள். "என் தம்பியின் விரல்கள்." தோள்கள் குலுங்கின.

நான் பத்மினியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். என் யோசனை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

"ஹலீனா," என்றாள் பத்மினி. "இதை ஸ்டாஷெக் செய்யவில்லை. நான் செய்தேன்."

ஹலீனா தலையை நிமிர்த்தவில்லை.

"ஒரு பூ கூடவா?"

"ஒரு பூ கூட. அவரால் முடியவில்லை."

பூ மெல்ல மேசைக்கு வந்தது. "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? பதினாலு மாதம். நான் எதை நினைத்து அழுதேன்?"

"அவ்வளவு பேர் நின்றார்கள்," என்றாள் பத்மினி. "ஒரு கோப்பையைக் கூடப் பிடிக்க முடியாமல் போன கைகளைப் பற்றி, அவரைப் புதைத்த அன்றைக்கு, அவ்வளவு பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்?"

ஹலீனா எழுந்தாள். நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் திறக்கிற சத்தம் கூட இல்லை. வெளியே தூறல் நின்று வெயில் அடித்தது, மறுபடி தூறியது. நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பத்மினி கொடிகளை மெல்ல ஒன்று சேர்க்க ஆரம்பித்தாள்.

"அப்படியென்றால் அவன் என்னதான் செய்தான்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பதினெட்டு நாளும் சும்மா உட்கார்ந்திருந்தானா?"

"கதிரையில் உட்கார்ந்து நிறம் சொன்னார்," என்றாள் பத்மினி. ஆங்கிலத்துக்கு நடுவே, நாற்காலிக்கு அவர்கள் ஊரில் சொல்லும் கதிரை என்ற சொல் அப்படியே வந்து விழுந்தது. "உங்கள் அம்மாவின் வரிசை. நான் தப்பாக எடுத்தால் காலால் தரையைத் தட்டுவார்."

ஹலீனா வாசலில் வந்து நின்றாள். "சொல்லு."

பத்மினி கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறவள் மாதிரி, போலிஷ் மொழியில் சொன்னாள். "செர்வோனி. ஜெலோனி. ஜூவ்தி." சிவப்பு, பச்சை, மஞ்சள்.

"பியாவி," என்றாள் ஹலீனா.

"என்ன?"

"பச்சைக்குப் பிறகு பியாவி. வெள்ளை. எங்கள் அம்மா மூன்றாவதாக வெள்ளைதான் வைப்பாள்."

"இல்லை. அவர் மஞ்சள் என்றுதான் சொன்னார். நான் இரண்டு தடவை கேட்டேன். மஞ்சள், மஞ்சள் என்று தரையைத் தட்டினார்."

ஹலீனா மேசைக்கு வந்து ஒரு கொடியைத் தூக்கி, நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். அடுத்த கொடியை எடுத்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். எல்லாக் கொடியிலும் அப்படியே. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வயதிலிருந்து," என்றாள். "ஆறு வயதிலிருந்து இதே தப்பு. ஒவ்வொரு வருடமும் மஞ்சளைக் கோத்து வைப்பான். ஒவ்வொரு வருடமும் அம்மா திட்டிக்கொண்டே அவிழ்த்து வெள்ளையைக் கோப்பாள். ஒரு தடவை கூட அவன் சரியாகச் செய்ததில்லை." கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இது அவனுடையதுதான். ஸ்டாஷெக்கைத் தவிர உலகத்தில் யாரும் இங்கே மஞ்சள் வைக்கமாட்டார்கள்."

பத்மினிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இறுதிச் சடங்கில் கூட அழவில்லையாம், பிற்பாடு சொன்னாள். ஹலீனா நடைச்சட்டத்தை விட்டுவிட்டு, மேசையைப் பிடித்துப் பிடித்து அவள் பக்கம் போனாள். பத்மினியின் தலையை எடுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். கட்டிக்கொள்ளத் தெரியாதவள் கட்டிக்கொண்டதைப் போல இருந்தது அது. நான் முற்றத்துக்குப் போய் எலுமிச்சை மரத்தைப் பார்த்தேன். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் பியெரோகி கொடுத்தாள் ஹலீனா. நம் கொழுக்கட்டைதான். உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், மேலே வெண்ணெயில் பொரித்த வெங்காயம். பதினான்கு சாப்பிட்டேன். "இவள் யார்?" என்று அப்போதுதான் கேட்டாள். பத்மினி சொன்னதும், "இந்தியாவிலிருந்தா? இதைத் தூக்கிக்கொண்டு வரவா?" என்று இன்னும் ஆறு வைத்தாள்.

சிலந்தியை ஜன்னல் பக்கம் மாட்ட வேண்டும். மூன்று பேரில் முழங்கால் சரியாக இருப்பது எனக்கு மட்டும்தான். அறுபத்து மூன்று வயதில் நாற்காலி மேல் ஏறினேன். கீழே இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, "இடது பக்கம்", "இல்லை, வலது பக்கம்" என்று கத்தினார்கள். மாட்டி இறங்கிய பிறகு மூவரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கதவு சாத்தியிருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் அது மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, ஒரு பக்கம் போய், யோசித்து, மறுபக்கம் வந்தது. மதியம் எப்போது கழிந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் ஹலீனா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு வைக்கோலை இழுத்தாள். போலிஷ் சங்கத்துப் பெண்கள் வருடா வருடம் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது பேர் கூடி, காபியும் வம்பும் பேசிக்கொண்டு கட்டுவார்களாம். "இந்த வருடம் நான் போகவில்லை. முழங்கால்," என்றாள். பிறகு பத்மினியைக் காட்டி, "இவளைக் கூட்டிக்கொண்டு போகலாம்," என்றாள். கேள்வி போல இல்லாமல் சொன்னாள்.

அடுத்த ரயிலில் திரும்புவதாக வந்தவள் பத்மினி. அந்த ரயிலில் நான் மட்டும் ஏறினேன். எனக்கு ஊருக்கு விமானம் இருந்தது. ஸ்டேஷனுக்கு வந்து என் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

"கூடத்துத் திரைச்சீலையெல்லாம் திறந்து விடு, ராஜி. கன நாளாப் பூட்டிக் கிடக்கு."

"நீ எப்ப வருவ?"

"தெரியேல்லையடி. அவ விடுறா இல்லை."

"நீயும் போறதா இல்லையே."

"ஓம்," என்று சிரித்தாள். கல்லூரி விடுதியில் பார்த்த சிரிப்பு என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் இது வேறு. இதை நான் முன்பு பார்த்ததில்லை.

மரத்தை அகற்றிவிட்டிருந்தார்கள். ரயில் நேராகப் போனது. ஹலீனா கட்டிக் கொடுத்த பியெரோகி என் மடியில். வாகா வாகா ஸ்டேஷன் தாண்டும்போது போன் அடித்தது. பின்னணியில் இரண்டு மூன்று பெண்கள் ஏதோ போலிஷ் மொழியில் வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"ராஜி, புதுசு துவங்கியாச்சு," என்றாள் பத்மினி. "நான் வெள்ளைத் தாளை எடுத்தனான். அம்மாவின்ர வரிசை அதுதானே எண்டு. ஹலீனா என்ர கையில இருந்து பறிச்சுப்போட்டா."

"ஏனாம்?"

"மஞ்சள்தான் வேணுமாம். இனிமேல் எப்பவும் மஞ்சள்தானாம். சங்கத்துப் பெண்டுகள் சண்டைக்கு நிக்கினம், அவ விடுறதா இல்லை." அவளுக்கு மூச்சு வாங்கியது. "சரி, வைக்கட்டே? கையில நூல் கிடக்கு."

வைத்துவிட்டாள்.